மாப்பிள்ளை வரைந்த கட்டங்கள்

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் காய் உலர்த்துகிற ஸ்டோரின் கதவைத் திறந்தேன். இப்போதெல்லாம் புகை வாசம் இல்லை. விறகடுப்பைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடுகிற புது டிரையர் வைத்துவிட்டார்கள். ஏலக்காய் வாசம் மட்டும் தனியாக வந்து மூக்கில் நின்றது. உங்கள் சட்டையில் எப்போதும் ரெண்டும் கலந்துதான் அடிக்கும். "இவரு சென்னையில கம்ப்யூட்டர் பார்த்த மனுசன்னு சொன்னா யாரு நம்புவா?" என்று என் தங்கச்சி உங்களைக் கேலி பேசிக்கொண்டே அதைத் துவைக்கப் போடுவாள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பருவம் இது. டிரையர் இறங்கிய அன்றே முதலாளி மகன் சொல்லிவிட்டான்: "பழைய சாஃப்ட்வேர் விறகடுப்புக்கு எழுதினது மாமா. மொத்தமாத் தூக்கிட்டுப் புதுசு போட்டுருவோம்." நீங்கள் எழுதியதல்லவா அது? பிள்ளை குட்டி இல்லாத உங்களுக்கு இந்தப் போடியில் மிஞ்சியது அது ஒன்றுதானே! தங்கச்சியும் நான் வீட்டுப் படி ஏறும்போதெல்லாம் வேறெதுவும் கேட்பதில்லை. "அவரு செஞ்சது ஓடுதாண்ணே?" அவ்வளவுதான்.

ஸ்டோருக்கு சாஃப்ட்வேர் எழுத நீங்கள் வந்த புதிதில், ஏசி ரூம் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டீர்கள். போடிமெட்டுக்கு மேலே சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக்காயை மூட்டை கட்டுவதில் தொடங்கி, நம் ஸ்டோரில் அது எடை ஏறி, உலர்ந்து, சல்லடையில் ரகம் பிரிந்து, ஏலத்துக்குப் போகிற வரைக்கும் காயின் பின்னாலேயே நடந்தீர்கள். ஒவ்வொருவரிடமும் அதே மூன்று கேள்விதான்: இந்த வேலையை உங்களிடம் யார் கேட்கிறார்கள், நீங்கள் என்ன திருப்பிக் கொடுக்கிறீர்கள், நீங்கள் செய்யாவிட்டால் யார் முழிப்பார்கள்? "இதெல்லாம் கெடக்கட்டும் மாப்ளே, புரோகிராம் எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டேன். "வேலை எப்படி நடக்குதுன்னு தெரியாம மெஷினுக்கு என்னத்த மச்சான் சொல்ல?" என்றீர்கள்.

என்னிடமும் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாப்போடு நின்றவன் என்றாலும் எனக்குத் தெரியாத ஏலக்காய் இந்த மலையில் காய்த்ததில்லை. என்னைக் கேட்காமல் ஸ்டோரில் ஒரு தட்டு நகராது என்று சொன்னேன். பொய்யில்லை, கொஞ்சம் பெருக்கினேன். நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே வரைந்தீர்கள். பெரிய தாள், சுற்றிலும் கட்டங்கள், நடுவில் நான், எல்லா அம்பும் என்மேல். சல்லடை போடுகிற அக்கா எட்டிப் பார்த்து, "இம்புட்டு அம்பு பாஞ்சிருக்கே, அண்ணன் பிழைப்பாரா?" என்றது. எனக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் நான் சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியிலேயே ரெண்டு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் காய் உலர்ந்திருக்கிறது, ரகம் பிரிந்திருக்கிறது, மூட்டை தைத்தாகிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் என் கட்டத்தை அழித்திருப்பார். நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

"நீங்க இல்லாதப்ப ஒண்ணு மட்டும் நின்னு போச்சு மச்சான். 'எங்க காய் அடுப்புல ஏறிருச்சா?'ன்னு மேல இருந்து போன் மேல போன். பதில் சொல்ல ஆளில்ல."

உண்மைதான். பச்சைக்காய் கிடந்தால் நிறம் போய்விடும். ஏறிவிட்டது என்று கேட்காமல் தோட்டக்காரனுக்குச் சோறு இறங்காது. அந்தச் சேதியைச் சொல்கிறவன் நான்தான். "அது தனி சர்வீஸ், அதுக்குன்னு ஒரு கட்டம் வேணும்" என்றீர்கள். என்னைப் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டீர்கள். அன்றிலிருந்து காய் ஏறியதும், மலையில் உள்ள போன் தானாக அடித்து, "காய் ஏறிருச்சப்பு, கவலப்படாம சாப்பிடு" என்று என் குரல் சொல்கிறது. அதைக் கேட்கவே கேரளத்துக்காரர்கள் காயை நம்மிடம் கொண்டுவருகிறார்கள் என்று பேச்சு. பேச்சைக் கிளப்பியது யார் என்று கேட்காதீர்கள்.

எடை, உலர்த்தல், ரகம், மூட்டை, சேதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டமாக நிறுத்தினீர்கள். "அடுப்பு எப்படி எரியுதுன்னு சல்லடைக்கு எதுக்கு மச்சான்? காஞ்சிருச்சான்னு கேட்டா, ஆமா இல்லன்னு பதில் வந்தாப் போதும்." அன்றைக்குத் தலையாட்டினேன். விளங்கவில்லை.

போன வாரம் சாஃப்ட்வேரை மாற்ற ஒரு பெண்பிள்ளை வந்தது. டீ வாங்கிக் கொடுத்து, உங்களை அமெரிக்காக்காரன் விமானம் அனுப்பிக் கூப்பிட்டான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அது காதிலேயே வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத யாரு சார் செஞ்சது?" என்றது.

"எங்க வீட்டு மாப்பிள்ளை."

"உலர்த்துற பகுதிய மட்டும் மாத்தினாப் போதும் சார். மத்ததத் தொடவே வேணாம். அடுப்பு மாறினதே அதுகளுக்குத் தெரியாது."

முதலாளி மகனும் சரி என்று விட்டுவிட்டான். சாயங்காலம் முதல் லோடு புது டிரையரில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு தோட்டக்காரர் போன் போட்டு, "அண்ணே, உங்க சத்தம் வந்துருச்சு" என்றார். நான் தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"ஓடுது தாயி."

"கூட்டிச் சொல்லாதண்ணே."

"இல்ல தாயி. அடுப்பு ஒண்ணுதான் மாறுச்சு. மத்ததெல்லாம் அவரு செஞ்சபடியே நிக்குது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தச் சேதிய என் போனுக்கும் வர வையிண்ணே" என்றாள். அவளுக்குக் காயும் இல்லை, தோட்டமும் இல்லை. சொன்னதும் சாஃப்ட்வேர் மாற்ற வந்த அந்தப் பிள்ளை ஏன் என்றுகூடக் கேட்காமல் சேர்த்துவிட்டது. இப்போது ஒவ்வொரு லோடு ஏறும்போதும் அவள் அடுப்படியிலும் போன் அடிக்கிறது.

இனி ஓடுதா என்று அவள் என்னைக் கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் சாயங்காலமானால் கால் அங்கேதான் போகிறது. உட்கார்ந்து உங்களைப் பற்றி எதையாவது சொல்கிறேன். சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. நேற்று, தேவாரம் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை யானை ஜீப்பை மறித்ததும், நீங்கள் இறங்கிப் போய், இந்த வேலையை உன்னிடம் யார் கேட்கிறார்கள் என்று அதையே நிறுத்திக் கேட்டதும் வரைக்கும் போய்விட்டது.

"பொய்யி" என்றாள்.

பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.