வறட்சிப் பொத்தானும் ஆறு ஆணிகளும்

ஆம்பூர்
3.11.2024

என் பேரவையே, பிரிசில்லா!

மேடைப் பழக்கத்தில் பேரவை என்று விளிக்கிறேன்; கேட்பவள் நீ ஒருத்திதான். நீயும் கலவை ஊரிலுள்ள உன் அக்காள் சவுரியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாய். என் முறையீட்டைக் கேள். குளிரூட்டி பதினெட்டில் ஓடுகிறது. போர்வையோ பிழிந்தால் சொட்டும். சுவரெங்கும் கரும்பூஞ்சை. தோல் ஆலையின் நாற்றம் நுழையாதிருக்கச் சாளரத்தை மூடி நானே அறைந்த ஆறு ஆணிகளும் துருவேறிவிட்டன. வெளியே நாற்றம், உள்ளே ஈரம், நடுவே நான். திரும்பி வா.

அன்பன்,
புகழேந்தி

கலவை
7.11.2024

அன்புள்ள என்னவருக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. இளைப்பு பாதிதான் குறைந்திருக்கிறது. போனில் பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஷூ கம்பெனி குடோனில் தோலுக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று ஈரம் இழுக்கும் மெஷின் ஓடுகிறது. என் நெஞ்சு அந்தத் தோலைவிடக் கேவலமா? ஏ.சி. ரிமோட்டில் 'ட்ரை'யை அமுக்குங்கள் என்று எத்தனை முறை கெஞ்சினேன்! நீங்கள் பொத்தான்களுக்கெல்லாம் தமிழ்ச் சீட்டு ஒட்டி, அதற்கு 'வறட்சி' என்று பெயர் வைத்தீர்கள். "வறட்சியை என் இல்லத்தில் அனுமதியேன்!" என்று, நான் மூச்சுக்குத் தவித்தபோது அரைமணி நேரம் முழங்கினீர்கள். கைதட்டத்தான் எனக்குத் தெம்பில்லை.

பிரிசில்லா

ஆம்பூர்
12.11.2024

என் இனிய பிரிசில்லா,

குளிரூட்டியைப் பழுது பார்க்க ஆமிர் வந்தான். சீட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சார், வறட்சின்னு ஒட்டிட்டீங்க? இதாங்க ரூம்ல இருக்கிற ஈரத்த இழுக்கும். மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்படியானால் குற்றம் யாருடையது?"

"அத நான் சொன்னா நல்லாருக்காது சார். மேடம் எங்க, ஊருக்கா?"

பொத்தானை அழுத்தினேன். மாலைக்குள் வெளிக்குழாயின் கீழ் வைத்த வாளி பாதி நிறைந்தது. போர்வை உலர்ந்தது. ஐயோ, இத்தனை நீரையுமா நீ மூச்சாக இழுத்தாய்? 'வறட்சி'யைக் கிழித்துவிட்டு 'உலர்த்தல்' என்று ஒட்டியிருக்கிறேன். வந்து பார்.

புகழேந்தி

கலவை
16.11.2024

என்னவருக்கு,

வாளியைப் பற்றி எழுதிய வரியை அக்காவிடம் காட்டவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் பெயரை மாற்றிவிட்டு அழைக்கிறீர்கள். ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அறையில் என்னை மூச்சுமுட்ட வைத்தது ஈரம் பாதி, ஆணி பாதி. ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் என் கையில் இருக்க வேண்டும். அறைக்குள் ஈரத்துணி தொங்கும் கொடியையும் அவிழ்த்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருவேன். ஓர் ஆணி மிச்சமிருந்தாலும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

மேடையேறி எத்தனை பேரை எழுப்பினீர்கள்! இன்று நீங்கள் எழுந்திருங்கள். கடிதத்தைக் கீழே வையுங்கள். அறைந்த அதே சுத்தியலை எடுங்கள். இப்போதே பிடுங்குங்கள்!

பிரிசில்லா