முடிக்கும் வரை வாய் திறக்கமாட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் பழுதானால் எங்கள் அலுவலகத்துக்குத்தான் போன் வரும். எடுப்பவன் நான். இன்று மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த வருடம் உங்களிடம் எதைத் திருத்திக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். “பொறுமையா இருப்பேன்” என்றேன்.

“பொறுமைன்னா? கிலோ கணக்குல அளக்கவா? தெளிவா ஒண்ணு சொல்லுங்க சார்.”

என்னைவிட வயதில் சின்னவர். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அதுவே பொறுமைதானே? அதை அளந்துகொள்ள வேண்டியதுதானே?

மார்ச் 7, வெள்ளி

மானம் போயிற்று. ஒரு அம்மா போனில் “கதவு...” என்று ஆரம்பித்தார். “திறக்கலையா? ஆள் அனுப்புறேன்” என்று வைத்துவிட்டேன். மெக்கானிக் போய்ப் பார்த்தால் கதவு ஜோராகத் திறக்கிறது. மூடத்தான் மாட்டேன் என்கிறது. தப்பான சாமான்களைத் தூக்கிக்கொண்டு படியேறியவர், மேலே நின்றே எனக்குப் போன் போட்டார். “அந்தம்மாவை முழுசா சொல்ல விட்டா உனக்கு என்ன கொறஞ்சிடும்? உன்கிட்ட பேசறதுக்குச் செவுத்துக்கிட்ட பேசலாம். அது குறுக்கே பேசாது.”

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். “எதிர்ல இருக்கறவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். இது போதுமா?”

“இது இலக்கு” என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 8, சனி

காலையிலேயே தோல்வி. மனைவியிடம்.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் ஒருவழியாக ஓடுகிறது. நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில்தான் முடியவில்லை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். சொல் தொண்டையில் நின்றுபோய் அவள் முகம் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்? சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். உதவிதானே?

“உதவியா? அவ வாயிலேர்ந்து புடுங்குறீங்க” என்கிறாள் மனைவி. பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவும் அதையேதான் நயமாகச் சொல்கிறார். அவள் கண்ணைப் பாருங்கள், வேறெங்கும் பார்க்காதீர்கள், காத்திருங்கள் — சொல்வது சுலபம் அம்மா. அது உங்கள் குழந்தை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பள்ளியில் நாடகமாம். மகளுக்கு வேடம் உண்டு, வசனமும் உண்டு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். எனக்கு இன்றுதான் தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை? வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது.

“நீ வ... வ...”

“வரணுமா? முதல் வரிசையில உக்காருவேன்டா!”

கண் சிவந்துவிட்டது அவளுக்கு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “நீ வ... வராதேப்பா. நீ கீழ உக்காந்து உதட்டை அசைப்பே. அதைப் பாத்தா எனக்கு வசனமே வராது.”

பெற்ற அப்பனைப் பார்த்து வராதே என்கிறாள்! யாருக்காக நான் ஓடாய்த் தேய்கிறேன்?

மார்ச் 17, திங்கள்

டி.வி.யில் செய்தி ஓடவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். செய்தி வாசிக்கிறவளோடு சேர்ந்து என் உதடும் அசைகிறது. சனியன், தானாகவே அசைகிறது.

மார்ச் 19, புதன்

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். “அவ தேடிக் கண்டுபிடிச்சிடுவா. போகாதீங்க” என்றாள். எரிச்சலாக இருக்கிறது. அவள் மேல் இல்லை. என் மேல்தான்.

மார்ச் 21, வெள்ளி

போகவில்லை. போட்ட லீவை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இந்நேரம் மேடை ஏறியிருப்பாள். இந்நேரம் திக்கியிருப்பாள். பிள்ளைகள் சிரித்திருப்பார்களோ?

வாசலில் சத்தம் கேட்டதும் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். மனைவி கீழ்வீட்டுக்காரியிடம் நின்றுவிட்டாள். மகள் மட்டும் வேடத் துணி மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா... ப... ப...”

பரிசா? பயந்துவிட்டாளா? பாதியில் மறந்துவிட்டதா? வாய்க்குள் சொற்கள் வரிசைகட்டி நின்றன. உதட்டை மடித்துக் கடித்தேன். டாக்டரம்மா சொன்னபடி அவள் கண்ணை மட்டும் பார்த்தேன். மோவாயை முன்னால் தள்ளித் தள்ளி என்ன பாடு படுகிறாள்! எனக்குப் பின்னால் சுர்ரென்று ஏதோ சத்தம். எது வேண்டுமானாலும் ஆகட்டும். திரும்பவில்லை.

“ப... பால் பொங்குதுப்பா!”

பாய்ந்து அணைத்தேன். அடுப்பு, தரை எல்லாம் பால்.

“ஏம்ப்பா திரும்பிப் பாக்கல?”

“நீ சொல்லி முடிக்கலையே.”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே நின்று நாடகத்தை முதல் வசனத்திலிருந்து எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அங்கங்கே சொல் நின்றது. நானும் நின்றேன்.

உள்ளே வந்த மனைவி அடுப்பைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, ஒரு பாலைக் கூட...” என்று தொடங்கினாள்.

குறுக்கே பேசினேன். “இரு. அவ முடிக்கட்டும்.”