பெர்பென்னாவைப் பார்க்காமல் ஒப்பித்தவள்

அன்பு மகள் ட்ரெபியாவுக்கு ரோமாபுரியிலிருந்து அப்பா எழுதுவது. அந்தப் பிரித்தானிய மூடுபனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எங்களுக்கும் சுகம். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். நாலாம் மாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு படி கூடுகிறது என்று நான் சொல்ல, கூடுவது படி இல்லை, உங்கள் தொப்பை என்று உன் அம்மா சொல்கிறாள். உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கோட்டையில் பட்டாளத்து மனைவிகளோடு சேர்ந்து பார்லி பீர் குடிக்கப் பழகிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் ‘இங்கே குளிர் அதிகம்’ என்று மாற்றிப் படித்தேன். உடனே அவள் கண் கலங்கி ரெண்டு ஜோடி கம்பளிக் காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டாள். வடக்கே போகிற ஒரு சிப்பாயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம், அவனே போட்டுக்கொள்ளாமல் இருந்தால் வந்து சேரும்.

இனி சேதிக்கு வருகிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி. நீ போன பிறகு ஊரில் பழைய வார்த்தைப் பைத்தியம் முற்றிவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த புலவன் எவனாவது பயன்படுத்திய வார்த்தையாக இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. நேற்று குளிக்கிற இடத்தில் ஒரு வக்கீல் தன் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடினவனைப் பார்த்துக் கத்தவில்லை. ஏனப்பா என்றால், ‘திருடனுக்குப் பழைய காவியத்துல ரெண்டு வார்த்தை இருக்கு வாத்தியாரே, செருப்புத் திருடனுக்கு எது பொருத்தம்னு யோசிச்சிட்டு இருந்தேன்’ என்கிறார். வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். இவர்களால்தான் நம் வீட்டில் ரொட்டி. என் ‘பழஞ்சொற்களின் பொருளும் வழக்கும்’ எட்டுச் சுருளும் முடிந்து, புத்தகக் கடை வாசலில் தொங்குகிறது. எந்தச் சொல், என்ன பொருள், எந்தப் புலவன் யார் வாயில் வைத்தான், அதற்குச் சாட்சியாக ஒரு அடி, இப்படி ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். அதில் அறுபத்திரண்டு சொல்லுக்குச் சாட்சி பெர்பென்னா. அங்கேதான் உன் அப்பா மாட்டிக்கொண்டான்.

பெர்பென்னா என்கிற பழைய சிரிப்பு நாடகக்காரரின் சுருள்கள் எல்லாம் நூலகத் தீயில் போய்விட்டன, உலகத்தில் ஒரு பிரதி கிடையாது. ஆனால் மீன்சாறு வியாபாரி லூர்கோ வீட்டில் ஒரு பிரதி உண்டு, அது நடமாடும். லூர்கோவை உனக்குத் தெரியாது. தெருமுனையில் வரும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடுகிற மனுஷர். ஒரு காலத்தில் அவரே அடிமை, விடுதலையாகி மேலே வந்தவர், எழுத்து வாசனை கிடையாது. ‘புத்தகத்தை வாங்கி வெச்சா நான் படிக்கணும். ஆளை வாங்கி வெச்சா அவனே படிப்பான்’ என்று சொல்லி, ஆளுக்கொரு புலவரை மனப்பாடம் செய்த ஏழு அடிமைகளை வாங்கி விருந்துக் கட்டிலுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். விருந்தாளி ஒரு வார்த்தையைச் சொன்னால் இவர் விரலைச் சொடுக்குவார், பின்னாலிருந்து அந்த அடி வரும். சோக நாடகங்களைச் சுமந்தவர் போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். ‘பன்னெண்டு நாடகம் போச்சே வாத்தியாரே, பன்னெண்டும் போச்சே’ என்று லூர்கோ மூன்று நாள் அழுதார். போனவர் பெயர் என்ன என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

பெர்பென்னாவின் மூன்று நாடகங்களைச் சுமப்பவள் தல்லூசா. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, மூக்கு நுனியில் மச்சம். இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நிற்கிறாள். நான் சந்தை நாள்தோறும் போய், இப்படி ஒரு சொல் பெர்பென்னாவில் உண்டா என்று கேட்பேன். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும்போது வெந்நீர் ஆறிவிட்டது என்று கேள்விப்படுகிறவனின் முகத்துக்கு ஒரு சொல் சொன்னாள். விருந்திலிருந்து சீக்கிரம் கழன்றுகொள்ள விருந்தாளி சொல்லும் பொய்க்குக் ‘கர்டீலா’ என்று ஒரு சொல் சொன்னாள், சமையல்காரன் ஒருவன் மேடையில் சொல்வதாக அடியும் சொன்னாள். ஆறே மாதத்தில் ஊரே கர்டீலா சொல்ல ஆரம்பித்துவிட்டது, செனட் சபையில்கூட. நான் தலை கால் புரியாமல் திரிந்தேன். போன மாதம் அந்த அடியைச் சரிபார்க்க மறுபடி கேட்டேன். சொன்னாள். வேறு மாதிரி இருந்தது. அதுவும் மகளே, முதல் தடவையைவிட நன்றாக இருந்தது.

செத்த புலவன் முந்நூறு வருஷம் கழித்துத் திருத்தி எழுதுவானா? சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடப் பதறவில்லை. ‘பெர்பென்னா எனக்குத் தெரிஞ்சது நூறு அடிதான் ஐயா. முதல் எஜமான் வீட்ல படிச்சது. மிச்சம் நான் சொன்னதுதான்’ என்றாள். மூன்று நாடகம் முழுக்கவா என்றேன். ‘மூணாவது நாடகத்துல ரெண்டாவது பாகம் கொஞ்சம் இழுவை, எனக்கே தெரியும்’ என்றாள். ஏன் அம்மா இப்படிச் செய்தாய் என்றால், ‘தெரியாதுன்னு சொல்ற புஸ்தகத்தை யார் ஐயா வெச்சுக்குவாங்க? நீங்க வேற கேட்டுட்டு, பால் கிண்ணத்தைப் பாத்த பூனை மாதிரி நிக்கறீங்க’ என்று என்னையே திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அறுபத்திரண்டு சொல் போச்சு, எட்டுச் சுருள் போச்சு, ஊர் சிரிக்கும் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, ‘ஏங்க, அந்தப் பொம்பளை எழுதினதையாவது ஜனங்க ஆசையாப் பேசுது. நீங்க எழுதினதை எலி கூடத் தொடலை’ என்றாள். முப்பது வருஷத் தாம்பத்தியம் மகளே.

ஆனால் என் மானம் மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். லூர்கோ தன் பிறந்தநாள் விருந்தில் பெர்பென்னாவைப் பெரிய மனுஷர்கள் காதில் போடப்போவதாகவும், யாரும் குற்றம் சொல்லாவிட்டால் தல்லூசாவை விடுதலை செய்யப்போவதாகவும் சொல்லியிருந்தார். நம் ஊர் வழக்கம்தான், எஜமான் நண்பர்கள் முன்னால் ‘வா, எங்களோடு சாப்பிடு’ என்று கூப்பிட்டால் அந்த நிமிஷமே அவள் சுதந்திர மனுஷி. குற்றம் கண்டுபிடித்துவிட்டால், எஜமானை ஏமாற்றினவளுக்கு மாவரைக்கும் திரிகைதான். அங்கே கழுதைகளே மூன்று வருஷம் தாங்காது. இதற்குள் கனீனியஸ், அதான் என் எதிர்க்கடை இலக்கணக்காரன், என் புத்தகத்தை விலை கொடுத்து வாங்காமல் கடை வாசலில் நின்றே எட்டுச் சுருளையும் படித்தவன், கர்டீலா பொய்ச்சொல் என்று விருந்திலேயே நிரூபிக்கப்போவதாகக் குளிக்கிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

விருந்து நாள் வந்தது. ஒன்பது பேர் சாய்ந்திருக்கிறோம், நான் கடைசிக் கட்டிலில் வழக்கம்போல் கதவோரக் குளிர்காற்றில். பன்றித் தொடை வருகிறது. தல்லூசா சுவரோரம் நிற்கிறாள், முகம் சுண்ணாம்பு. அவள் நாலு காட்சி சொல்லி முடித்ததும் கனீனியஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ‘கர்டீலான்னு லத்தீன்ல ஒரு சொல்லே கிடையாது. இது பெர்பென்னாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்தக் கூட்டத்துல பெர்பென்னாவைச் சுருள்ல படிச்சவங்க ஒருத்தர் இருந்தா சொல்லட்டும், நான் வாயை மூடிக்கறேன்’ என்றான். அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது நடுக் கட்டிலில் இருந்த முன்னாள் ஆளுநர் பெரியவர் சட்ரியஸ், ‘ஏன், நான் படிச்சிருக்கேனே’ என்றார். எண்பது வயது, எதையாவது படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. ‘சின்ன வயசுல எங்க வாத்தியார் கர்டீலா வர்ற அந்த இடத்துக்கு என்னைப் பிரம்பால அடிச்சாரு, தழும்பு இருக்கு’ என்று தொடையைக் காட்டப் போனார், தடுத்துவிட்டோம்.

அவர் படித்திருந்தால் நாம் படிக்காமல் இருப்பதா? பக்கத்தில் இருந்த கப்பல் முதலாளி, ‘அது சமையல்காரன் சொல்றது இல்லை பெரியவரே, கிழவி சொல்றது’ என்றார். ‘என்னைவிட உமக்குத் தெரியுமா? சமையல்காரன்தான்!’ ‘கிழவிதான், எங்க தாத்தா மேடையிலேயே பார்த்தாரு!’ என்று ரெண்டு பேரும் தலையணையைக் கையில் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களும் தாங்களும் படித்ததாகச் சொல்லி ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். கப்பல் முதலாளி ஆவேசத்தில் பெர்பென்னாவின் அடி என்று ஒன்றை எடுத்துவிட்டார். அவ்வளவு கேவலமான அடியை நான் பள்ளிப் பிள்ளைகளிடம்கூடக் கேட்டதில்லை. தல்லூசா பொறுக்கமாட்டாமல் முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன், கைகூப்பாத குறையாகக் கண்ணால் கெஞ்சினேன்.

கனீனியஸ் எட்டுப் பேர் முகத்தையும் பார்த்தான். எழுத்துத் தெரியாத லூர்கோவைத் தவிர எல்லோரும் படித்திருக்கிறார்கள், தான் ஒருவன்தான் படிக்காதவன். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தான். ‘சோதிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? என் வீட்லயே பெர்பென்னா சுருள் இருக்கே’ என்றான். நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு திரும்பி வரவில்லை, ஏனென்றால் லூர்கோ எழுந்து உட்கார்ந்துவிட்டார். ‘உம்ம வீட்ல இருக்கா? உலகத்துலயே ஒண்ணுதான்னு சொல்லில்ல என் தலைல கட்டினாங்க! அப்போ இவ எனக்கு எதுக்கு?’ என்று தல்லூசாவைக் காட்டினார், ‘நாளைக்கே அடிமைச் சந்தைக்கு அனுப்பறேன்.’ பொய் என்று தெரிந்திருந்தால் திரிகை, மெய் என்று ஆனதால் சந்தை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மகளே, எனக்கு வீரம் கிடையாது, உனக்குத் தெரியும், பல்லிக்கே அம்மாவைக் கூப்பிடுகிறவன். ஆனால் வாய் தானாகத் திறந்தது. லூர்கோ ஐயா, கனீனியஸின் சுருளில் பிழை மலிந்திருக்கும், எழுதினவன் தூங்கிக்கொண்டே எழுதியிருப்பான், தல்லூசா சொல்வதுதான் சுத்தப் பாடம், ஆனால் ஒரு சிக்கல், அடிமை சொல்லும் சாட்சி எந்தச் சபையில் எடுபடும், சட்டப்படி சவுக்கால் அடித்துத்தான் கேட்க வேண்டும், அப்படி அடித்தால் அவளுக்கு அடிகள் மறந்துபோகும், ஆகவே நாளைக்கு உங்கள் பெர்பென்னா தோற்று இவருடைய பெர்பென்னா ஜெயித்துவிடும், என்ன செய்ய என்று ஒரே மூச்சில் சொன்னேன். லூர்கோவின் கழுத்து சிவந்தது. ‘என் பெர்பென்னா தோக்கறதா? இந்தக் கடன்காரச் சுருள்கிட்டயா?’ என்று மேசையைக் குத்தினார். ‘ஏ தல்லூசா! வா இங்க. எல்லாரும் பாத்துக்கங்க. வா, எங்களோட உக்காந்து சாப்பிடு!’

கட்டிலில் இடம் இல்லை. கனீனியஸைத் தள்ளிப்படுக்கச் சொல்லி அவன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் சாய்ந்தாள், பன்றித் தொடையில் ஒரு துண்டு எடுத்தாள், தின்றாள். பெரியவர் சட்ரியஸ் குனிந்து, ‘ஏம்மா, அந்தச் சமையல்காரன் அப்புறம் என்ன சொல்றான்?’ என்று ஆசையாகக் கேட்டார். தல்லூசா மென்று, விழுங்கி, ‘தெரியாதுங்க’ என்றாள். எல்லோரும் திகைத்தோம். ‘தெரியாதுங்க’ என்று இன்னொரு தடவை சொன்னாள், அந்தச் சொல்லை ருசி பார்க்கிறவள் மாதிரி. லூர்கோ கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் அத்திப்பழத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது அவள் தோல் தைக்கிறவர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். விருந்துக்கு மறுநாளே கனீனியஸ் போய் நின்றிருக்கிறான், அவன் வீட்டில் இருக்கிற சுருளை அவள் எழுதித் தர வேண்டுமாம், அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டையோடு. அவள் சம்மதித்தாள், தினமும் காலையில் குழாயடியிலிருந்து ரெண்டு குடம் தண்ணீர் மேலே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஊரே பார்க்கக் குடம் தூக்குகிறான், கேட்டால் வைத்தியர் சொன்னார் என்கிறான். நான் என் அறுபத்திரண்டு சொல்லையும் புத்தகத்திலிருந்து எடுக்கப் போனேன். உன் அம்மா அந்தச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு, கர்டீலா சொல்லாமல் உங்கள் தங்கச்சி வீட்டு விருந்திலிருந்து நான் எப்படித் தப்பிப்பது என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

முந்தாநாள் தல்லூசாவைப் பார்த்துவரப் போனேன். நாலாவது நாடகம் எழுதுகிறாளாம், பெர்பென்னா பெயரில் இல்லை, சொந்தப் பெயரில். எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு என்னிடமே ஒரு சந்தேகம் கேட்டாள், காலையில் விழித்ததும் யாரும் கூப்பிடவில்லை என்று புரிகிறதே ஐயா, அந்த முதல் நிமிஷத்துக்குப் பழையவர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று. வீட்டுக்கு வந்து எட்டுச் சுருளையும் பிரித்துப் பார்த்தேன், மறுநாள் போய் இல்லையே அம்மா என்றேன். ‘பரவால்ல ஐயா, நான் பாத்துக்கறேன்’ என்றாள்.

நம் வீட்டுத் தெய்வங்கள் உன்னையும் மாப்பிள்ளையையும் குளிரிலும் ஈட்டியிலும் காக்கட்டும், அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் தொட்டில் வாங்குகிற சேதி வரட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், நான் அவசரப்படுத்தவில்லை. முக்கியமாக ஒன்று: படித்து முடித்ததும் இந்தத் தாளை நன்றாகத் தண்ணீரில் கழுவி மையைப் போக்கிவிடு. மாப்பிள்ளையின் தளபதி என் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று எழுதியிருந்தாய், மனுஷர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு, நாலாம் மாடியிலிருந்து மூச்சு வாங்கியபடி,
உன் அப்பா ட்ரெபியஸ்