பதினாலாம் அறைக்காரரும் என் ஓமும்

1986 மார்ச் 3, திங்கள்
தூறல். ஹோட்டலில் இன்று தோய்த்தது துவாய் 40, விரிப்பு 22. முழங்கால் வலி.
14ஆம் அறைக்கு வந்திருக்கும் அமெரிக்கக் கிழவர் ஜாஸ் உலகத்தில் பெரிய ஆளாம். பத்ரோன், அதாவது முதலாளி, சொன்னார். கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்து இசைத்தட்டுக் கடையில் படம் தொங்குகிறதாம். போய்ப் பார்த்தேன். உண்மைதான். படத்தில் முப்பது வயது, வாய் நிறையப் பல். இப்போது எல்லாம் கட்டுப்பல். கழுவ எடுத்த கிளாசுக்குள் அது கிடக்க, பயந்துபோனேன்.

மார்ச் 4, செவ்வாய்
ஞாயிறு பின்னேரம் அவருக்குக் கச்சேரி. பல் போனபிறகு முதல் தடவை. அறையில் ட்றம்பெற் ஊதிப் பார்த்தார். பாதி காற்றுத்தான். 12ஆம் அறைக்காரி முறைப்பாடு. பத்ரோன் தடை. பாவம், குழந்தை மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். துணி தோய்க்கும் நிலவறையைக் காட்டினேன். மெஷின் இரைச்சலில் வெளியே கேளாது. பத்ரோனுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்
எங்கள் ஊர்ச் சிவம் அண்ணை பாரிசுக்கு வெளியே கார்ஜிலிருந்து ரெலிபோன். ஞாயிறு லா சப்பல் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கி வைக்கவேண்டுமாம்.
"கத்தரிக்காய் ரெண்டு கிலோ, என்ன?"
"ஓம்."
"கருவாடு?"
"ஓம் அண்ணை."
"மறந்துபோடாதை. பிறகு மனுசி என்னைத்தான் பேசுவா."
"ஓமோம்!"
"மிளகாய்த்தூள்?"
"ஓ...ம்."
திரும்பினால் படியில் கிழவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்தபடி. மெதுவாக இங்கிலீஷில் கேட்டார்: "பிரார்த்தனையைக் குழப்பிவிட்டேனா?"
என் ஓமை மந்திரம் என்று நினைத்திருக்கிறார் என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. மறுக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். கத்தரிக்காய்க்கு இவ்வளவு மரியாதை!

மார்ச் 7, வெள்ளி
நிலவறை. நீட்டி ஊதினால் பல் நழுவுகிறது. சின்னச் சின்ன ஸ்வரங்கள் மட்டும் நிற்கின்றன. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, கடைசி ஒன்று இழுபட்டு. எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. "உன் பிரார்த்தனைதான்," என்றார்.
துவாய் மடித்தபடி கதை கேட்டேன். பன்னிரண்டு வயதில் தேவாலய பாண்ட். இருபதில் ஊர் ஊராக. மேடையில் கைதட்டுவார்களாம், கறுப்பர் என்பதால் உள்ளே விடுவது குசினி வாசலால். கப்பலேறிப் பாரிஸ் வந்த அன்று ஒரு ஹோட்டல்காரன் முன்கதவைத் திறந்து பிடித்தானாம். இங்கேயே தங்கிவிட்டார். நான் இங்கே வந்துபோவதும் குசினி வாசலால்தான்.
பொய் உறுத்துகிறது.

மார்ச் 8, சனி
சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம், நான் கும்பிடவில்லை, அது கத்தரிக்காயும் கருவாடும் என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். ட்றம்பெற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "அப்படியென்றால் என்னிடம் ஒன்றும் இல்லை," என்றார். நாளைக்குப் போகப்போவதில்லையாம்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு
வெயில். 3 மணிக்குக் கச்சேரி மண்டபக் கார் வந்து நின்றது. கிழவர் அறையை விட்டுக் கீழே வரவில்லை. பத்ரோன் என்னை மேலே அனுப்பினார்.
கோட் போட்டபடி கட்டிலில் இருந்தார். பெட்டி பூட்டியபடி. சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கிழவனால் இனி ஊத முடியுமா?"
அந்த நேரம் பார்த்து இங்கிலீஷும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை.
"ஓம்," என்றேன்.
திரும்பினார். "இன்னொரு தரம் சொல்."
"ஓம். ஓமோம்."
வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கினார்.
கீழே ஓடி முன்கதவைத் திறந்து பிடித்தேன். வாசலைத் தாண்டியவர் நின்று, "நீயும் இந்த வாசலால் வா," என்றார்.
ஏப்ரனோடு காரில் ஏறினேன். கருவாடு வாங்கவில்லை.