மண்ணைக் கழுவுவதற்கு முன்

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது? பஸ் டிப்போவில் உங்களை ‘சிவா’ என்றார்கள். கோயிலில் ‘சிவநேசன் அண்ணை’ என்றார்கள். எனக்குக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து வாயில் வந்தது இது ஒன்றுதான். இப்போதும் படியேறும்போது, “இஞ்சாருங்கோ, லைற்றை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டு, பிறகு நானே இறங்கிப் போய் நிற்பாட்டுகிறேன்.

அரன் கீழே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கதிரையைத் திருப்பிப் போட்டு அதில் இருக்கிறான். மேலில் சட்டை இல்லை. முதுகு முழுக்க மண். காட்டிலிருந்து இப்போதுதான் வந்தோம். ஓம், உங்கள் காட்டிலிருந்துதான். நான் தண்ணீரைச் சுடவைத்துத் துவாயையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் என் கையைப் பிடித்துவிட்டான்.

“அம்மா, இப்ப கழுவாதேங்கோ. அப்பான்ரை முதுகில என்ன நடந்ததெண்டு ஃபர்ஸ்ட் சொல்லுங்கோ.”

“கொஞ்சம் பொறடா. நான் அப்பாட்டை ஒருக்காக் கேக்க வேணும்” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். கட்டில் விளிம்பில் இருந்து எழுதுகிறேன்.

என்னிடம் வாங்கிய சத்தியம் உங்களுக்கு நினைவிருக்கும். “அவனுக்கு நான்தான் சொல்லுவன். நீர் ஒண்டும் சொல்லாதையும்.” ஏ லெவல் சோதனை முடியட்டும் என்றீர்கள். பிறகு யூனிவர்சிட்டி முடியட்டும் என்றீர்கள். அதுவும் முடிந்து, பெடியன் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டான். கார்த்திகை மாதம் காலை ஷிப்டுக்குப் புறப்பட்டு, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்த மனிதர் நிமிரவே இல்லை. இதயம் என்றார்கள். சொல்ல வேண்டியதை யாரிடம் விட்டுப் போனீர்கள்?

இந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை. உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாசிக்கட்டும். லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு உங்களை ஞாபகம் இருக்கும். மற்ற ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டி, வெற்று மேலோடு வடம் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் மட்டும் கார் விடுகிற இடத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கை காட்டிக்கொண்டு நிற்பீர்கள். “சிவநேசன் அண்ணை போலத் தொண்டு செய்ய ஏலாது” என்று எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய இடத்துக்கு உங்களால் வர முடியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களைப் போல மஞ்சள் ஜாக்கெட்டுக்குள் நிற்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

எனக்கும் என்ன பெரிதாகத் தெரியும்? அங்கே ஊரில், இலங்கை ஆமிக் காம்பில் வைத்திருந்தார்கள். கம்பியால் அடித்தார்கள், சிகரெட்டால் சுட்டார்கள். அதற்கு மேலும் ஏதோ நடந்திருக்கிறது, அதற்கு நீங்கள் பெயர் சொல்லவில்லை. எல்லாம் ஆண்களின் கைகள் செய்தவை. அதனால் எந்த ஆணின் கையும் உங்கள் முதுகுப் பக்கம் வரக்கூடாது. டொக்டர் முதுகில் குழாய் வைக்க வந்தபோது எழும்பி வந்துவிட்டீர்கள். சலூனுக்குப் போக மாட்டீர்கள், தலைமயிர் வெட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அரன் சின்னவனாக இருந்தபோது உப்புமூட்டை தூக்கச் சொல்லி அழுவான். நீங்கள் அவனைத் தோளில் ஏற்றுவீர்கள், நெஞ்சோடு அணைத்துத் தூக்குவீர்கள், முதுகில் மட்டும் ஏற்றமாட்டீர்கள். என் கை படுவதென்றால்கூட லைற்றை நிற்பாட்டியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் கொலின் அந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். டிப்போவில் உங்களோடு வேலை செய்த கொலின், தாடிக்காரன், கையில் ஓக் இலை பச்சை குத்தியவன். மே மாதம் பிறக்கும் காலையில் கொஞ்ச ஆண்கள் காட்டில் கூடுவார்கள், மினிபஸ் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேட்டான். நீங்கள் அதை பிக்னிக் என்று நினைத்தீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் விடிய முன்னம் எழும்பி ஒரு பெட்டி வடை சுட்டுத் தந்தேன். அங்கே போனால் எல்லோரும் சட்டையைக் கழற்றி, முதுகில் ஈரமண்ணைப் பூசி, தலையில் இலையைச் சுற்றி, எழும்பி வருகிற சூரியனைப் பார்த்துப் பாடுகிறார்கள். நடுவில் நீங்கள் கழுத்து வரை ஜாக்கெட் இழுத்துப் பூட்டிக்கொண்டு வடைப் பெட்டியோடு நின்றீர்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு அடங்காது.

உங்கள் அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. “வெள்ளைக்காரன்ரை பேய்க் கூத்துக்கு ஏன் போறாய்? மதம் மாறப் போறியோ?” என்று போனில் கத்தினா. “அக்கா, நாங்கள் தையில சூரியனுக்குப் பொங்கிறம். அவங்கள் மேயில கும்பிடுறாங்கள். எங்கட ஊர் வைரவருக்கும் கூரை இருந்ததோ? மரமும் சூலமும்தானே” என்றீர்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அடுத்த வருடமும் போனீர்கள், ஜாக்கெட்டோடு.

அதற்கடுத்த வருடம் வந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மத்தியானம். பின் கதவால் வந்து, குசினி ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். சட்டை கையில் இருந்தது. முதுகில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

“இஞ்ச பாரும். ஒரு கிழவன் என்ரை முதுகில மண் பூசினவன். பூசட்டோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் பூசினவன். நான் ஓடேல்லை.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். “நான் ஓடேல்லை, ரஞ்சி. நிண்டனான்.” எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. இத்தனை வருடம் எனக்குக் காட்டாததை யாரோ ஒரு வெள்ளைக் கிழவனுக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு அழுதீர்கள். நான் துவாயை நனைத்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். அப்போதுதான் உங்கள் முதுகைப் பகல் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். வடுக்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் அகன்ற தோளையும், நடுவில் ஓடுகிற பள்ளத்தையும், இடுப்புக்கு மேல் இருந்த மச்சத்தையும் பார்த்தேன். நீங்கள் அழகான மனிதர். நான் அதை அன்று சொன்னேன், நீங்கள் காது சிவக்கச் சிவக்க நின்றீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வசந்தமும் எங்களுக்குக் கல்யாண மாதம் போலத்தான் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. செடிக்குத் தண்ணீர் விட பனியன் இல்லாமல் தோட்டத்துக்குப் போனீர்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் ‘ஹலோ சிவா’ என்றால் கையை உயர்த்துவீர்கள். அரன் அப்போது யூனிவர்சிட்டியில், வேறு ஊரில். அவன் வந்து நிற்கும் நாட்களில் மட்டும் திரும்பச் சட்டை ஏறிவிடும். அவனைக் காட்டுக்குக் கூப்பிட்டபோது, “அப்பா, தட்ஸ் சோ வியர்ட்” என்று சிரித்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். நீங்கள் அடுத்த வருடம் பார்ப்போம் என்றீர்கள்.

அடுத்த வருடம் வரவில்லை.

செத்த வீட்டு முறை உங்களுக்குத் தெரியும். தகப்பனைக் குளிப்பாட்டுவது மகன். பியூனரல் பார்லரில் பின்னால் ஒரு அறையில் அவனும் உங்கள் தம்பியும் உள்ளே போனார்கள், நாங்கள் பெண்கள் வெளியே நின்றோம். முதுகில் எண்ணெயும் அரப்பும் வைக்க அரன்தான் உங்களைத் திருப்பினானாம். வெளியே வந்தவன் கையைக் கழுவினான், கழுவினான், நிற்பாட்டவில்லை. உங்கள் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறும்போது அரன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அதாலதான் என்னை ஒருநாளும் முதுகில தூக்கேல்லையா?”

நான் ஓம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல உங்கள் சத்தியம் விடவில்லை. அதோடு அவன் வாயை மூடினான். வேலைக்குப் போவான், வருவான், கோப்பையைக் கழுவி வைப்பான், ‘குட் நைற் அம்மா’ என்பான். மாரி முழுக்க இந்தத் தோர்ண்டன் ஹீத் வீட்டில் ஹீற்றர் சத்தம் மட்டும்தான். உங்களை இழந்தது போதாதென்று அவனையும் இழந்துகொண்டிருந்தேன்.

சித்திரை பிறந்த பிறகு கொலின் வந்தான். முறுக்கு டின்னைப் பாதி காலியாக்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். ஓர் ஆள் இறந்தால், அடுத்து வருகிற வசந்தத்தில், அவர்கள் காட்டில் நிற்கிற வட்டத்தில் அவருடைய இடத்தை வெறுமையாக விடுவார்களாம். வீட்டு ஆட்கள் வந்து பார்த்தால் நல்லது என்றான். நான் வாசலில் அவனை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது அரன் படியில் இருந்தான். “நானும் வாறன்” என்றான்.

இன்று காலை போனோம். காடு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நிலம் முழுக்க நீலமாகப் புளூபெல் பூத்துக் கிடக்கிறது. பேர்ச் மரங்களில் இலை இப்போதுதான் விரிகிறது, வெயில் அதற்குள்ளால் வர எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. வேலியோரம் முட்பற்றை வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்குக் கோபமாக இருந்தது. நீங்கள் இல்லாமல் இவ்வளவுக்குப் பூக்க வேண்டுமா?

பெண்கள் கொஞ்சம் தள்ளி தேத்தண்ணீர் பிளாஸ்க்குகளோடு நின்றோம். நானும் வடை கொண்டுபோனேன். ஒரு பெண் என் நெற்றியில் பொட்டில்லாததைக் கவனித்தாளோ என்னவோ, என்னைப் பின்னால் விடாமல் முன்னுக்கு இழுத்து நிறுத்தினாள். ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். தொந்தி வைத்தவர்கள், எலும்பு தெரிகிறவர்கள், நெஞ்சில் ஆபரேஷன் வெட்டுள்ளவர், சக்கர நாற்காலியில் ஒருவர். ஒருவரும் வயிற்றை உள்ளுக்கு இழுக்கவில்லை. அந்தக் குளிரில் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்து நின்றது. கொலினுக்கும், உங்களுக்கு மண் பூசிய அந்தக் கிழவருக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. நான் அங்கே பார்க்காமல் மரத்தைப் பார்த்தேன்.

அப்போது அரன் என் பக்கத்திலிருந்து நடந்தான். ஹூடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய், அந்த இடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவன் வளர்ந்த பிறகு நான் அவன் முதுகைப் பார்த்ததே இல்லை. அதே தோள். அதே பள்ளம். இடுப்புக்கு மேல் அதே இடத்தில் மச்சம். உங்கள் முதுகு, இஞ்சாருங்கோ. ஒருவரும் தொடாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அந்த முதுகு. ஒரு வடு இல்லை. அவன் தந்த ஹூடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

கிழவர் மண்ணில் கையைத் தோய்த்துக்கொண்டு, பூசட்டுமா என்று அவனையும் கேட்டார். கிழவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்து நின்றார். பிறகு அவன் தலையாட்டினான். கை பட்டதும் அவன் தோள் குலுங்கியது. உங்களை எரித்த அன்றும் அழாதவன், அங்கே எல்லோருக்கும் முன்னால் அழுதான். கிழவர் கையை எடுக்கவில்லை.

கீழே தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். உங்கள் சத்தியத்தை நான் மீறப் போகிறேன். கோபிப்பீர்களா? கோபித்தால் கனவில் வந்து ஏசுங்கள், அந்தச் சாட்டிலாவது உங்களைப் பார்க்கலாம்.

காம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். ஆனால் காம்போடு கதையை நிற்பாட்ட மாட்டேன், இது என் வாக்கு. கிழவரின் கையைச் சொல்வேன். நீங்கள் ஓடாமல் நின்றதைச் சொல்வேன். அப்பாவின் முதுகைக் கடைசியாகத் தொட்ட ஆண் கை உன்னுடையது, அதற்கு அப்பா பயந்திருக்க மாட்டார் என்று சொல்வேன். அதற்குப் பிறகு தண்ணீரைத் திரும்பச் சுடவைத்து, அவன் முதுகைக் கழுவிவிடுவேன்.

என்றும் உங்கள் மனைவி,
அரனின் அம்மா,
ரஞ்சி