லாரிப் பட்டையில் கட்டிய நாற்காலி

அக்கா,

நேற்று சாயங்காலம் மைதானத்தில் இருந்தவர்கள்: ஓட்டம் பழகும் பெண்கள் ஏழு பேர், அவர்களில் இருவரின் அம்மாமார், காவல்கார அண்ணன், மைதானத்தை நடத்தும் சங்கத்து ஆம்பளைகள் இரண்டு பேர், நான். கொட்டகையிலிருந்து உன் நாற்காலியை அந்த ஆம்பளைகள் வெளியே எடுத்துப் போட்டார்கள். அதில் சுற்றியிருந்த லாரிப் பட்டையில் இன்னும் கிரீஸ் வாடை. அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய்.

பட்டை என் வீட்டுக்காரர் கொடுத்தது. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவருக்குச் சரக்கு இறுக்கத்தான் தெரியும். உட்கார்ந்தபடி குண்டு எறிகிறவளுக்கு நாற்காலி அசையக் கூடாது என்று நீ சொன்னதும், அதைக் கொண்டுவந்து போட்டார். அப்போது நமக்கு மைதானம் ஏது? திருவொற்றியூர்க் கடலோரத்தில் முளையடித்து நான்தான் கட்டினேன். மணல் பிடிக்காது என்று தோன்றவே இல்லை. நீ எறிந்த வேகத்தில் முளை பிடுங்கிக்கொண்டு, நாற்காலியோடு கவிழ்ந்தாய். நான் அம்மனைக் கூப்பிட்டு அழுகிறேன், நீ வாயெல்லாம் மணலோடு சிரிக்கிறாய்.

“இன்னாமே, குண்ட எறியச் சொன்னா என்னியே எறிஞ்சிட்ட?”

அதே நாற்காலியில் பழகித்தான் பாராலிம்பிக் வரை போய் மெடலோடு வந்தாய். பாராட்டு விழாவில் என்ன வேண்டும் என்று மேடையில் கேட்டார்கள். வீடு கேட்பாய் என்று நினைத்தேன். சாயங்கால நேரத்தில் மைதானம் பெண்களுக்கு வேண்டும், கக்கூசுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றாய். கீழே சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. போர்த்திய பொன்னாடைகளையெல்லாம் மறுநாளே கயிற்றில் கோத்து, பிள்ளைகள் துணி மாற்ற மறைப்பாகக் கட்டச் சொன்னாய். ஜரிகை பாழாகிறதே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

பெண்ணை அனுப்பாத வீட்டு வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு, அவள் அம்மா வெளியே வரும்வரை அசைய மாட்டாய். அந்த அம்மாக்கள்தான் இன்று பிள்ளைகளுக்குக் காவலாக வந்து நிற்கிறார்கள்.

நீ போன துக்கம்கூட ஆறவில்லை. சாயங்கால நேரத்தைப் பையன்களின் ஃபுட்பாலுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நேற்று ஆள் அனுப்பியது சங்கம். கேட்க நீ இல்லையே என்ற தைரியம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து யாராவது பேசினால் யோசிப்பார்களாம். பிள்ளைகள் ஏழு பேரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான். கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. உன்னைத் தூக்கி உட்காரவைத்துப் பழகிய கை, அந்தப் பலம் இன்னும் இருக்கிறது. ஆனால் பேசுவதற்குக் கை போதாதே.

இன்று வெள்ளிக்கிழமை, காலையில் அம்மனிடம் பூ கேட்டேன். வலது பக்கம்தான் விழுந்தது. ஆகவே போகத்தான் போகிறேன். உட்கார்ந்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும், அது மட்டும் தெரியவில்லை. கனவிலாவது வந்து சொல்லு அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும்.