ரிப்பேர் மூட்டையோடு வருகிறோம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மிச்ச நேரத்தில் சண்டை போடுகிறோம். அதனால் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கலாமென்றால் நீங்கள் போனை எடுத்தால்தானே. எடுத்தாலும் 'ம்', 'சரி', 'வெச்சிடறேன்', இதற்கு மேல் உங்களிடம் சரக்கு கிடையாது. கடிதமென்றால் என் பேச்சை நீங்கள் பாதியில் வெட்ட முடியாது பாருங்கள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்புறம் கண்டக்டராகி, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதிப் பழகிவிட்டேன். ஆடாத மேஜையில் எழுதினால்தான் எனக்குக் கை ஆடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. போன மாதம் என் பையன் போன் பண்ணி, 'லீவுக்கு அங்க வரட்டுமா மாமா?' என்று கேட்டதற்கு, 'வீடு ஆள் வர்ற மாதிரி இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்' என்றீர்களாமே. அவன் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சத்தம் போடாமல் போனைத் தடவி வேறு இடம் தேட ஆரம்பித்தான். போன வருஷமும் எங்கேயும் போகவில்லை. போகிற நிலைமையிலா இருந்தோம்.

முதலில் ஒரு ஹோட்டலைப் பிடித்தான். நீச்சல் குளம் உண்டு, காலையில் சாப்பாடு இலவசம் என்று ஏலம் விடுகிற மாதிரி படித்தான். நம் வக்கீல் இருக்கிறானே, நடுப்பேரன், ஒன்பது வயசிலேயே கோர்ட்டு வாய், அவன் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டுபோய் ஹோட்டலுக்கே பேசிவிட்டான். 'குளத்துல மீன் இருக்கா? இல்லைன்னா நாங்க கொண்டுவந்து விடலாமா?' என்று கேட்டிருக்கிறான். மேனேஜர் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்ல, என்னிடம் கொடுத்தான். நானும் அதையே கேட்டேன். அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.

அடுத்து மலைக்குப் போகலாமென்று பேச்சு வந்தது. பெரியவள் இரண்டாவது வளைவு தாண்டமாட்டாள். நானும் என் சர்வீஸில் எத்தனையோ வாந்தி பார்த்திருக்கிறேன், பஸ்ஸைப் பார்த்த உடனே ஆரம்பிக்கிறவளை இவளைத்தான் பார்த்தேன். கடற்கரை என்றால் மருமகளுக்குப் பயம். மூன்று பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்கு வீட்டிலேயே எண்ணிக்கொண்டு இருக்கலாமே என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆளுக்கொரு பக்கம் இழுத்து, வீடே பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கடைக்குட்டி, சுண்டெலி, சோற்றை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்: 'நாம ஏன் மோட்டார் தாத்தா வீட்டுக்குப் போகல? அங்க ஏரி இருக்கு, மீன் இருக்கு, மலை இல்ல.'

உங்களைத்தான் சொல்கிறாள். பையன் தட்டைப் பார்த்தான். மருமகள் எழுந்துபோய், எரியாத அடுப்பை அணைத்தாள். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே, பிரேக் இல்லாத வண்டி. 'நேத்து சாயங்காலம்தான் என்கிட்ட பேசினாரு. எல்லாரும் கட்டாயம் வரணும்னாரு' என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். மூன்றும் நாற்காலி மேல் ஏறி ஆடின. பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அப்பா, என்கிட்ட வேணாம்னு சொன்னவரு உங்ககிட்ட எப்பக் கூப்பிட்டாரு?' என்றான். 'உனக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டு' என்றேன். 'அவருக்குத் தெரியுமா, அவர் கூப்பிட்டாருன்னு?' என்றான். படித்த பிள்ளை, கேள்வி சரியாகத்தான் கேட்கிறான். நான் காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன். மறுநாள் அவனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், திடுதிப்பென்று வந்து வாசலில் நின்றிருப்பேன். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. என் பையன் சமையலறையில் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: 'அத்தை போனதுலேர்ந்து மாமா பட்டறை ஷட்டரையே தொடலையாம். மோட்டார் தூக்கிட்டு வர்றவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிடறாராம். அவரோட பக்கத்து வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு.' மேஜைக்கு அடியில் சுண்டெலி இருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அவள் போய் மற்ற இரண்டையும் கூட்டி, 'தாத்தாவுக்கு ரிப்பேர் பண்ண சாமானே வரலையாம், பாவம்' என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் ஒரு மூட்டை வளர ஆரம்பித்தது. சுற்றாத மேஜை ஃபேன், சூடேறாத இஸ்திரிப்பெட்டி, எரியாத டார்ச், சக்கரமில்லாத பொம்மைக் கார். அப்புறம் கெட்டுப்போன சாமான் தீர்ந்துவிட்டது. வக்கீல் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். முதலில் வாசல் காலிங்பெல் போயிற்று. இப்போது வருகிறவர்கள் எல்லாம் தெருவில் நின்று கத்துகிறார்கள், எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் திறக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் மிக்ஸி போயிற்று. திங்கட்கிழமை வரை ராஜா மாதிரி ஓடிய மிக்ஸி.

மருமகள் கரண்டியோடு வந்தாள். 'நல்லா இருந்ததை ஏன்டா பிரிச்ச?' என்றாள். அவன் கொஞ்சமும் அசையாமல், 'ரிப்பேர் ஆகாததைக் கொண்டுபோனா தாத்தா என்னத்தைம்மா பண்ணுவாரு?' என்றான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மிக்ஸியைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிவிட்டு, 'ஜார் மூடியும் லூசாத்தான் இருக்கு, அதையும் வெச்சுக்க' என்று எடுத்துக் கொடுத்தாள். இப்போது வீட்டில் அரைக்க வழியில்லை, எல்லாம் முழுசு முழுசாக வாயில் அகப்படுகிறது. என் பல்லையும் ரிப்பேர் மூட்டையில் போட வேண்டி வரும்.

ஆகையால், வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் ஆறு பேரும் அந்த மூட்டையும் வருகிறோம். வீடு எப்படிக் கிடந்தாலும் பெருக்க வேண்டாம், வந்து அரை மணியில் இவர்கள் அதைவிட மோசமாக்கிவிடுவார்கள். சமைக்கவும் வேண்டாம், உங்கள் சமையலைச் சாப்பிடாமல் நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறேன். ஷட்டரை மட்டும் தூக்கி வையுங்கள். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விடுங்கள், நீங்கள் ஊருக்கே சொல்கிற வைத்தியம்தானே. வரவேண்டாமென்றால் அதையும் சொல்லலாம், ஆனால் சுண்டெலியிடம் நீங்களே சொல்ல வேண்டும். போனை அவள் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். என்னால் அவளிடம் சொல்ல முடியாது.

இன்னொன்று. இத்தனையும் உங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு தலைக்கனம் பிடிக்க வேண்டாம். என் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் கூப்பிடவில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது பொய். இரண்டு தரம் கிளம்பி உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். டீ குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வீட்டில் பஸ் பிரேக்டவுன் என்று சொன்னேன்.

கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அவள் உள்ளேயிருந்து, 'வந்துட்டான்யா தின்னிப்பண்டாரம், சட்டியை ஒளிச்சு வைங்க' என்று கத்துவாளே. அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் செருப்பைக் கழற்றிப் பழக்கம். அது இல்லாமல் அந்தப் படியில் எப்படிக் கால் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை. பிள்ளைகள் ஓடி உள்ளே போய்விடும். நான் மூட்டையை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். நீங்கள் வெளியே வந்து என்னை ஏதாவது திட்டுங்கள். உங்களுக்கு அவ்வளவாகத் திட்ட வராது, பரவாயில்லை, வந்தவரைக்கும் திட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியின் அண்ணன்